எலும்பையும் காக்க வேண்டும்

ரத்தத்தில் வருகிற புற்றுநோய் எலும்பை முறிக்கும் என்று சொன்னால் நம்மில் பலர் நம்ப மாட்டார்கள். ரத்தம் வேறு, எலும்பு வேறு என்பதே பொதுவான எண்ணம். ஆனால் ரத்தம் உற்பத்தியாகும் இடமே எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான். அந்த மஜ்ஜையில் பிளாஸ்மா அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. உடம்புக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கும் பொருளைத் தயாரிப்பது அவற்றின் வேலை. அந்த அணுக்கள் கெட்டுப்போய்க் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு மல்டிபிள் மைலோமா என்று பெயர். சுருக்கமாக மைலோமா என்பார்கள். ரத்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இந்த வகையைச் சேர்ந்தது. மேல் நாடுகளில் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் இந்நோய், நமது நாட்டில் ஐம்பதுகளிலேயே, அதாவது உழைத்துச் சம்பாதிக்கும் வயதிலேயே, பலரைப் பிடித்துக் கொள்கிறது.

இந்த நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் எண்பது பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் எலும்பு அரிக்கப்படுகிறது. முதுகெலும்பு நொறுங்குகிறது. பலமாக இருமினாலே விலா எலும்பு முறிகிறது. படி ஏறும்போது தொடை எலும்பு ஒடிகிறது. புற்றுநோய்க்கு மருந்து நன்றாக வேலை செய்து கொண்டிருக்கும்போதே இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகி விடுகிறவர்களும் உண்டு. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு, நோயைக் காட்டிலும் இந்த முறிவே பெரிய இடியாக விழுகிறது.

இந்த முறிவுகளில் பலவற்றை முன்கூட்டியே தடுக்க முடியும். அதற்கு மருந்து இருக்கிறது. அது கிடைக்காத மருந்தும் அல்ல. செய்ய வேண்டியவை என்ன, செய்யக் கூடாதவை என்ன என்பதும் டாக்டர்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, மும்பைக்கும் சொந்த ஊருக்கும் இடையே அலைந்து கொண்டிருக்கும் நமது மக்களிடம் இந்த வைத்தியம் பாதியில் அறுந்து போகிறது. அறுந்து போகாமல் பார்த்துக் கொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

எலும்பு ஏன் அரிக்கப்படுகிறது? நமது எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை அணுக்களும், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்ட இன்னொரு வகை அணுக்களும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. இடிப்பவரும் கட்டுபவரும் சம வேகத்தில் வேலை செய்யும் வரை எலும்பு உறுதியாக இருக்கும். மைலோமா அணுக்கள் இடிப்பவரை முடுக்கி விடுகின்றன. கட்டுபவரின் கையைக் கட்டிப் போடுகின்றன. எலும்பில் ஓட்டைகள் விழுகின்றன. அதிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் கலக்கிறது. அது அளவு மீறினால் அடங்காத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், மயக்கம், புத்தித் தடுமாற்றம் எல்லாம் வரும், சிறுநீரகமும் கெடும். நோயை அடக்கக் கொடுக்கப்படும் டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளும் நாளடைவில் எலும்பை மெலிய வைப்பவைதாம். ஆக, நோயும் எலும்பைத் தின்கிறது, மருந்தும் கொஞ்சம் தின்கிறது. எனவே எலும்புக்கென்று தனியாக ஒரு பாதுகாப்புத் தேவைப்படுகிறது.

இது புதிதாக முளைத்த நோய் அல்ல. 1844-ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர் சாமுவேல் சாலி என்பவர், சாரா நியூபெரி என்ற 39 வயதுப் பெண்ணின் நோயை விவரமாக எழுதி வைத்தார். அந்த அம்மாளை அவருடைய கணவர் தூக்கிக் கொண்டு போய்க் கட்டிலில் படுக்க வைக்கும்போதே தொடை எலும்புகள் ஒடிந்து விட்டன. ஆரஞ்சுத் தோல் கஷாயமும், ரேவல்சின்னி மாத்திரையும், வலிக்கு அபினி மருந்தும் அன்றைய வைத்தியமாக இருந்தன. அன்பாகத் தூக்கிய கையிலேயே எலும்பு ஒடிந்தது என்றால் அந்தக் குடும்பம் எவ்வளவு பதறியிருக்கும்! அன்று அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. இன்று நிறைய இருக்கிறது. இருந்தும் நாம் முதல் படியிலேயே தாமதம் செய்கிறோம்.

முதுகு வலிக்கிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? தாராவியில் தோல் பட்டறையில் குனிந்து வேலை செய்பவர், வேலைப் பளு என்கிறார். கல்யாணிலிருந்து தினமும் கூட்டத்தில் நசுங்கி லோக்கல் ரயிலில் வரும் குமாஸ்தா, ரயில் இடிபாடு என்கிறார். வாயு என்பவர் உண்டு, சுளுக்கு என்பவர் உண்டு. தைலம் தடவுகிறோம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அடங்காவிட்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போகிறோம். இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முதுகுவலி எல்லாம் புற்றுநோய் என்று நாம் பயமுறுத்தவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது தசைப்பிடிப்பாகவோ மூட்டுத் தேய்வாகவோதான் இருக்கும். ஆனால் 40 வயதைத் தாண்டியவருக்கு, விழாமல், அடிபடாமல் வந்த வலி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், இரவில் படுத்தாலும் குறையாவிட்டால், கூடவே ரத்தசோகை, சோர்வு, எடை குறைவு, அடிக்கடி காய்ச்சல், சிறுநீரில் நுரை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால், அதை வேலைப் பளு என்று தள்ளிவிடக் கூடாது. ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., கிரியேட்டினின், கால்சியம், மொத்தப் புரதம் ஆகிய பரிசோதனைகள் சாதாரணமானவை. சயான், கே.இ.எம்., நாயர் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் செய்து கொள்ளலாம். இவற்றில் சந்தேகம் எழுந்தால் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரஸிஸ் பரிசோதனையும், பின்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்வார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை என்றவுடன் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எலும்பின் சத்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். குறைந்த கதிரளவில் உடல் முழுவதும் எடுக்கும் சி.டி. ஸ்கேன் அதற்கு முன்பே காட்டிக் கொடுத்து விடும். இரண்டாவது, முதுகெலும்பில் வரும் காசநோயும் படத்தில் ஏறக்குறைய இப்படியே தோன்றும். நமது நாட்டில் காசநோய் அதிகம் என்பதால், படத்தை மட்டும் பார்த்துக் காசநோய் மருந்தைத் தொடங்குவது உண்டு. திசு எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்யச் சொல்வதில் நோயாளிக்குத் தயக்கம் வேண்டாம்.

மைலோமா என்று தெரிந்துவிட்டால், புற்றுநோய் மருந்துடன் எலும்பைக் காக்கும் மருந்தும் தொடங்கப்பட வேண்டும். அதில் முக்கியமானது ஸோலெட்ரானிக் ஆசிட் என்ற ஊசி. 4 மில்லிகிராம் மருந்தைச் சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். எலும்பை இடிக்கும் அணுக்களை இது அடக்கி வைக்கிறது. வழக்கமாக மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை இது போடப்படுகிறது. பிரிட்டனில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட மைலோமா நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2010-இல் வெளிவந்தது. இதே வகையைச் சேர்ந்த பழைய மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டவர்களைவிட இந்த ஊசி போட்டுக் கொண்டவர்களுக்கு எலும்புச் சிக்கல்கள் குறைந்தன. அதுமட்டுமன்றி ஆயுளும் ஐந்தரை மாத அளவுக்கு நீண்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல் இந்த மருந்தைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல இந்தியக் கம்பெனிகள் இதைத் தயாரிப்பதால், புற்றுநோய்க்கான மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகவும் குறைவு.

பிறகு ஏன் இந்த ஊசி பாதியில் நிற்கிறது? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஊசி போட்ட ஓரிரு நாளில் சிலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரும். இது எதிர்பார்க்கக் கூடியதே. பாராசிட்டமால் மாத்திரையில் அடங்கிவிடும்; அடுத்த ஊசிகளில் பெரும்பாலும் வருவதில்லை. இதை முன்கூட்டி எவரும் எடுத்துச் சொல்லாததால், ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டி நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பல். இந்த ஊசி போட்டுக் கொண்டிருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப் போகலாம். 2003-ஆம் ஆண்டு முதல் டாக்டர்கள் இதை அறிவார்கள். ஆகவே ஊசி தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்க வேண்டும். தொடங்கிய பின் பல் வலித்தால், இந்த ஊசி போடுவதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெற்றிலையுடன் புகையிலை அடக்குபவர்களும் மாவா மெல்லுபவர்களும் நம்மில் அதிகம். அவர்களுடைய பல்லும் ஈறும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை அன்றே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது காரணம் சிறுநீரகம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சிறுநீரகம் சற்றுக் கெட்டிருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். மிகவும் கெட்டிருந்தால் இந்த ஊசி கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு டெனோசுமாப் என்ற வேறொரு ஊசி இருக்கிறது. அது தோலுக்கடியில் போடப்படுவது, விலை கூடுதல். அதைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்புகள் முறியும் அபாயம் உண்டு என்பதால், தொடர்ந்து போட முடியுமா என்று டாக்டரிடம் கலந்து பேசியே தொடங்க வேண்டும்.

நான்காவது காரணம் தூரம். ஊரில் திருவிழா, கல்யாணம், நிலத் தகராறு என்று போகிறவர் இரண்டு மூன்று மாதம் தங்கிவிடுகிறார். அல்லது வேலை போய், வாடகை கொடுக்க வழியில்லாமல் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் திரும்பி விடுகிறார். புற்றுநோய் மாத்திரையைப் பையில் எடுத்துப் போகிறவர்கள்கூட எலும்பு ஊசியை மறந்துவிடுகிறார்கள். 1,822 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. அவர்களில் மைலோமா நோயாளிகளும் இருந்தனர். நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுவதற்குப் பதிலாகப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டாலும் இரண்டு வருடத்தில் எலும்புச் சிக்கல்கள் கூடவில்லை என்று அது காட்டியது. நோய் நன்றாகக் கட்டுப்பட்டவருக்கு முதல் வருடத்துக்குப் பிறகு இடைவெளியை நீட்டலாம் என்பதை நிபுணர்களும் ஏற்கிறார்கள். ஆகவே தூரத்தில் இருப்பவர் சொல்லாமல் நின்றுவிடுவதைவிட, "மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதுமா?" என்று டாக்டரைக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். நாமாக முடிவு செய்வதுதான் தவறு.

பயணச் செலவுக்கும் வழி இருக்கிறது. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு ரயில்வே சலுகை தருகிறது. ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி; துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. 2020-இல் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி டிக்கெட் கவுண்டரில் கொடுத்தால் போதும். கீழ்ப் படுக்கை கேட்டு வாங்க வேண்டும். மேல் படுக்கைக்கு ஏறுவது இந்த நோயாளிக்கு ஆபத்து. மும்பை லோக்கல் ரயில்களில் உடல் ஊனமுற்றோருக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நெரிசலில் ஓர் இடி பட்டாலே விலா எலும்பு முறியக் கூடியவருக்கு அந்தப் பெட்டியும் ஒரு மருந்துதான். இ.எஸ்.ஐ. சந்தாதாரராக இருப்பவர்கள், புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும் உதவித் தொகையைக் கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் சில உண்டு. தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை போன்றவற்றை நோயாளி தூக்கக் கூடாது. தரையில் பாய் விரித்துப் படுப்பதைவிடக் கட்டில் நல்லது. உட்கார்ந்து எழ உயரமான கழிப்பிட நாற்காலி வேண்டும். குளியலறையில் வழுக்காமலும் இரவில் வெளிச்சம் இருக்கும்படியும் பார்த்துக் கொள்ள வேண்டும். அதற்காக நாள் முழுதும் படுத்தே கிடப்பதும் கூடாது. நடமாட்டம் நின்றால் எலும்பு மேலும் மெலியும். டாக்டர் அனுமதிக்கும் அளவுக்குத் தினமும் நடக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வைட்டமின் டி குறைவு நம் நாட்டில் பரவலாக இருப்பதால் அதைப் பார்த்து ஈடு செய்ய வேண்டும். கால்சியம் மாத்திரையை மட்டும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ரத்தத்தில் ஏற்கெனவே அது மிகுந்திருந்தால் அதுவே கெடுதலாகும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை இரண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் மைலோமா நோயாளியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வலிக்குத் தகுந்த வேறு மருந்துகள் டாக்டரிடம் உண்டு. அடுத்தது, நீவி விடுவது, சொடக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது. அரித்துப் போன முதுகெலும்பு அதைத் தாங்காது.

ஒரு அறிகுறியை மட்டும் எவரும் மறக்கக் கூடாது. கால் மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ அல்லது அடைத்துக் கொண்டாலோ, நொறுங்கிய எலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள். அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்து மருந்தும் கதிர்வீச்சும், தேவையானால் ஆபரேஷனும் செய்வார்கள். ஞாயிறு கழியட்டும் என்று காத்திருந்தால் கால் திரும்பி வராமலே போகலாம். அதேபோல், தொடை எலும்பு மெலிந்திருப்பது படத்தில் தெரிந்தால், ஒடிவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்து உறுதிப்படுத்த முடியும். ஒடிந்த பின் படும் பாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

இதில் ஆஸ்பத்திரிகளுக்கும் அரசுகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. பரேலில் 1941-இல் தோன்றிய டாடா நினைவு ஆஸ்பத்திரிக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள், தமிழர்களும் நிறைய. ஆங்கிலத்தில் எழுதிய சீட்டையும், இந்தியிலோ மராத்தியிலோ அவசரமாகச் சொன்ன விளக்கத்தையும் வைத்துக் கொண்டு ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளி என்ன புரிந்து கொள்வார்? புற்றுநோய் சிகிச்சை தரும் எல்லா ஆஸ்பத்திரிகளும் மைலோமா நோயாளிக்கு அவரவர் மொழியில் ஓர் எலும்பு அட்டை கொடுக்க வேண்டும். நோயின் பெயர், ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, கிரியேட்டினின், கால்சியம் அளவுகள், பல் பார்த்த தேதி, சாப்பிடக் கூடாத மாத்திரைகள் ஆகியவை அதில் இருந்தால் போதும். அந்த அட்டையைக் காட்டினால் நெல்லையிலோ மதுரையிலோ உள்ள அரசு ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைத் தொடர்ந்து போட ஏற்பாடு இருக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம். மருந்து கையிருப்பும், இரு மாநில ஆஸ்பத்திரிகளுக்கிடையே ஒரு தொடர்பும் இருந்தால் போதும். மராட்டிய அரசும் தமிழக அரசும் மனம் வைத்தால் நாளையே செய்யலாம்.

மும்பையில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் இதில் கை கொடுக்க வேண்டும். விழாக்களுக்குத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கும் செலவில், இந்த விவரங்களைத் தமிழில் அச்சிட்டுத் தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வழங்கலாம். மொழி தெரியாத நோயாளியுடன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு தொண்டரை அனுப்பலாம்.

மைலோமாவை முற்றிலும் குணப்படுத்துவது இன்றும் அரிதாகவே இருக்கிறது. ஆனால் நல்ல மருந்துகள் வந்துவிட்டதால் பல வருடங்கள் வாழ முடிகிறது. அந்த வருடங்களை ஒருவர் நடந்து கழிப்பதா, படுத்துக் கழிப்பதா என்பது பெரும்பாலும் எலும்பைப் பொறுத்திருக்கிறது. எலும்பு ஊசியின் தேதியைச் சம்பளத் தேதியைப் போல் நினைவில் வைத்துக் கொள்வோம். நோயாளி மறந்தாலும் குடும்பத்தார் மறக்கக் கூடாது.